கொங்கிறீட்டை ஓடவிடாதீர்கள்: முதன்முதலாக வேலைக்கு இறங்குபவர்களுக்கு

மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம் ஒரு வீட்டில் தூண் பலகையைக் கழற்றிய காலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மேலே எட்டடி உயரமும் வழுவழுவென்று இருந்தது. அடியில் ஒன்றரை அடி மட்டும் சாந்தே இல்லாமல், சல்லிக்கல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, தேன்வதை மாதிரி ஓட்டை ஓட்டையாக நின்றது. ஓட்டைக்குள் விரலை விட்டேன், கம்பி தட்டுப்பட்டது. சீமெந்து புதிது. மணல் நல்ல ஆற்று மணல். கலவையை நானே பக்கத்தில் நின்று அளந்து போட்டேன். பிழை கொட்டிய விதத்தில்தான். தூணின் தலையில் நின்றுகொண்டு தாச்சி தாச்சியாக உள்ளே கவிழ்த்தோம். விழும் வழியில் கம்பியிலும் வளையத்திலும் அடிபட்டு, கல் ஒரு பக்கம் சாந்து ஒரு பக்கமாகப் பிரிந்து, பாரமான கல் முதலில் போய் அடியில் குந்திவிட்டது. அந்தத் தூணை உடைத்துத் திரும்பப் போட்டோம்.

அன்று எங்களோடு நின்ற மூத்த மேசன் ஒருவர் சொன்னார்: "மனே, கொங்கிறீட் தானா நடக்காது. நாமதான் கொண்டுபோய் வெக்கணும்." இத்தனை வருட வேலையில் நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு சொல்லைக் கேளாததால் வந்தவை. தண்ணீரைக் கூட்டி விடுவது, உயரத்தில் இருந்து கொட்டுவது, ஒரே இடத்தில் குவித்துவிட்டு வைபிறேற்றரால், அதாவது உள்ளே விட்டு அதிர வைக்கும் குழாய்க் கருவியால், தள்ளுவது எல்லாமே கொங்கிறீட் தானாக ஓடிப்போய் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பட்டும் என்ற ஆசையில் செய்பவை. ஓடினால் அது பிரியும். பிரிந்த கொங்கிறீட்டுக்கு வைத்தியம் இல்லை, உடைப்பதுதான்.

கையாளாகப் புதிதாகச் சேர்ந்த தம்பிமாருக்கும், சொந்த வீட்டுக்குத் தாங்களே நின்று வேலை செய்விக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எத்தனை கம்பி, தூண் எவ்வளவு பருமன் என்பதையெல்லாம் பொறியியலாளரின் வரைபடம் சொல்லும். அதை நான் தொடவில்லை. கலவை மிக்சரை விட்டு வெளியே வந்ததில் இருந்து பலகை கழற்றும் நாள் வரை நம் கையில் இருக்கும் வேலை மட்டும் இங்கே.

முதல் நாள் மாலை

கொங்கிறீட் போடும் நாளின் பாதி வேலை முதல் நாள் மாலையிலேயே முடிய வேண்டும். விடிந்த பிறகு பலகைக்கு ஆணி தேடினால் அந்த நாள் போயிற்று.

பலகையைத் தாங்கும் முட்டுக்கால்களில் தொடங்குங்கள். எழுவான்கரையில் நமக்குக் கிடைத்திருப்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு மணல் மேடு. மணலில் முட்டுக்காலையோ இரும்பு ஜெக்கையோ நேரே ஊன்றினால் பாரம் ஏற ஏற இறங்கும். ஈரக் கொங்கிறீட் ஒரு கனமீற்றர் கிட்டத்தட்ட 2,400 கிலோகிராம். ஒவ்வொரு முட்டுக்கும் அடியில் இரண்டு அங்குலத் தடிப்புள்ள அகலப் பலகைத் துண்டு வையுங்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் களிமண்ணிலும் மழைக்குப் பிறகு இதே கதைதான். காய்ந்த களியில் கல்லாக நின்ற முட்டு ஒரு மழையோடு புதையும். முட்டுகளைக் குறுக்கே சட்டம் அடித்து ஒன்றோடொன்று பிணைத்துவிடுங்கள்.

அடுத்து பலகை இடுக்குகள். உள்ளே நின்று பார்த்தால் வெளிச்சம் தெரிகிற இடுக்கு ஒவ்வொன்றாலும் சீமெந்துப் பால் ஒழுகும். பால் ஒழுகிய இடத்தில் கல்லும் மணலும்தான் மிஞ்சும். டேப் ஒட்டலாம், பொலித்தீன் விரிக்கலாம், இடுக்குச் சிறிதென்றால் சீமெந்துத் தாளைத் திணிக்கலாம். மரத்தூள், ஆணி, கட்டுக்கம்பித் துண்டு, காய்ந்த இலை எல்லாவற்றையும் கூட்டி அள்ளுங்கள். தூண் பலகையின் அடியில் ஒரு கை நுழையும் வாசல் விட்டால் உள்ளே கிடக்கும் குப்பையைக் கழுவித் தள்ளிவிட்டு அதை மூடலாம். பலகையின் உட்பக்கத்துக்கு எண்ணெய் பூசுவதைக் கம்பி கட்டும் முன்பே செய்துவிடுங்கள். எண்ணெய் பட்ட கம்பியைக் கொங்கிறீட் பிடிக்காது.

இனி கவர் கட்டை. கம்பிக்கும் பலகைக்கும் நடுவே வைக்கும் சின்னச் சாந்துக் கட்டைதான். ஆனால் நம் ஊரில் ஒரு வீட்டின் ஆயுள் அதில்தான் தங்கியிருக்கிறது. உப்புக் காற்று கொங்கிறீட்டுக்குள் மெல்ல மெல்ல ஊறி ஒருநாள் கம்பியைத் தொடும். தொட்டதும் கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது வீங்கி மேலிருக்கும் கொங்கிறீட்டை வெடிக்க வைக்கும். கடற்கரையோரம் நடந்து போகும்போது பழைய வீடுகளின் போர்ட்டிக்கோவை அண்ணாந்து பாருங்கள். அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி சிவந்து தொங்குவது இதனால்தான். கம்பிக்கு வெளியே எத்தனை மில்லிமீற்றர் விட வேண்டும் என்பது வரைபடத்தில் இருக்கும். கடலோரத்தில் தூணுக்கும் பீமுக்கும் 40 மில்லிமீற்றருக்குக் குறைவாகப் போட்டிருந்தால் பொறியியலாளரிடம் திரும்பக் கேளுங்கள். அத்திவாரத்தில் கம்பிக்குக் கீழே, மண்ணின் மேல், மெல்லிய அடிக்கொங்கிறீட் விரித்திருந்தால் 50, நேரே மண்ணில் பட்டால் 75. கட்டைகளை ஒரு கிழமைக்கு முன்பே வார்த்துத் தண்ணீரில் ஊறவிடுங்கள். சல்லிக்கல்லையோ பலகைத் துண்டையோ கம்பிக்கு அடியில் செருகினால் அது உப்புத் தண்ணீருக்கு நாமே வெட்டிக் கொடுக்கும் வாய்க்கால்.

சிலாப் (தட்டையான கொங்கிறீட் தளம்) என்றால் கம்பிவலைக்கு மேலே நடக்கப் பலகைப் பாதை போடுங்கள், கம்பியைத் தொடாமல் கட்டைக் கால்களில் நிற்கும்படி. ஆட்கள் கம்பியை மிதித்து நடந்தால், மேலே நிற்க வேண்டிய கம்பி அடியில் போய்ப் படுத்துவிடும். வெளியே நீட்டிய சன்சேட்டிலும் பல்கனியிலும் மேல்கம்பிதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. அது தாழ்ந்துவிட்டால் முட்டுகளை எடுக்கும் அன்றே இடிந்து விழலாம்.

படுக்கப் போகுமுன் எண்ணிப் பாருங்கள்: மிக்சருக்கும் வைபிறேற்றருக்கும் எண்ணெய் இருக்கிறதா, இரண்டாவது வைபிறேற்றர் ஒன்று வாடகைக்குச் சொல்லியாயிற்றா, பௌசர் தண்ணீர் வந்துவிட்டதா, மழைக்கு மூடப் பொலித்தீன் இருக்கிறதா, எல்லோருக்கும் றபர் சப்பாத்தும் கையுறையும் இருக்கிறதா. ஈரச் சீமெந்து தோலை எரிக்கும். முதலில் வலிக்காது. சப்பாத்துக்குள் போன கொங்கிறீட்டோடு மாலை வரை நின்ற தம்பி ஒருவனின் கால், இரவு கழுவும்போது தோலோடு உரிந்ததைப் பார்த்திருக்கிறேன். பட்டால் உடனே நல்ல தண்ணீரில் நிறையக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மணல், தண்ணீர், அளவுப்பெட்டி

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சீமெந்துப் பையில் இலங்கைத் தரச் சின்னம் பாருங்கள். கட்டி பட்டதை வாங்க வேண்டாம். கடல் மணல் வேண்டாம், வாவிக்கரை மணலும் வேண்டாம். குடிக்க முடிந்த தண்ணீரால்தான் கலவை போட வேண்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீர் உள்ளே போனால், வெளியே இருந்து வர வேண்டிய உப்பை நாமே முதல் நாளில் வைத்ததாகும்.

50 கிலோ சீமெந்துப் பை ஒன்று ஏறத்தாழ ஒன்றேகால் கனஅடி. உட்பக்கம் 12 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரம் என்று ஒரு பலகைப் பெட்டி அடித்தால் அது சரியாக ஒன்றேகால் கனஅடி. 1:1½:3 கலவைக்கு ஒரு பை சீமெந்து, ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி முக்கால் அங்குலச் சல்லி. தாச்சிக் கணக்கில் போட்டால் காலையில் குவிந்த தாச்சி, மத்தியானம் களைத்த கைகளில் பாதித் தாச்சியாகிவிடும். பெட்டிக்குக் களைப்புத் தெரியாது. மணல் ஈரமாக இருந்தால் உப்பிப் பெருத்து நிற்கும். பெட்டி நிறைந்தாலும் உள்ளே மணல் குறைவு. அப்போது பெட்டியைக் கொஞ்சம் குவித்தே அளக்க வேண்டும்.

தண்ணீர் என்னும் சோதனை

ஒரு பைக்கு 25 லீற்றர். எப்படிப் பார்த்தாலும் 27-ஐத் தாண்ட வேண்டாம். இந்தக் கணக்கு மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தையும் சேர்த்துத்தான். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஒரு பைக் கலவைக்குப் போகும் மணலிலேயே நாலு லீற்றர் தண்ணீர் ஒளிந்திருக்கும். அன்று 21-இல் நிறுத்துங்கள்.

சீமெந்து இறுகுவதற்கு இதில் பாதித் தண்ணீர் போதும். மீதி, கலவை இளகி வேலைக்கு வளைந்து கொடுப்பதற்காக. வேலை முடிந்தபின் அந்த மீதி வற்றிப்போய், இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்களை விட்டுச் செல்லும். 25 லீற்றர் போட வேண்டிய இடத்தில் 30 போட்டால் பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போகும். அதைவிட, அந்தத் துவாரங்கள் வழியாகத்தான் உப்பு உள்ளே வருகிறது.

இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பத்து மணி வெயிலில், கலவை தாச்சியில் ஒட்டும்போது, "இன்னொரு வாளி விடு" என்ற குரல் எங்கிருந்தாவது வரும். அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல மிக்சரடியில் ஒருவர் நிற்க வேண்டும். அவர் வீட்டுக்காரராக இருந்தால் நல்லது. காத்தான்குடியில் ஒரு கடைக்கட்டட வேலையில் மிக்சர் ஓட்டிய காக்கா ஒருவர் காதாலேயே கலவையைப் பார்ப்பார். தொட்டிக்குள் கலவை புரண்டு விழும் சத்தம் "தொப்பு, தொப்பு" என்று கனமாக இருந்தால் சரி. "சளக், சளக்" என்றால் தண்ணீர் ஏறிவிட்டது. எல்லாம் போட்டபின் இரண்டு நிமிடமாவது தொட்டி சுழல வேண்டும் என்பார். சரியாகக் கலக்காத கலவைதான் காய்ந்த மாதிரித் தெரியும். பாதிப் பேர் தண்ணீர் கேட்பது அதனால்தான்.

காதைப் பழக்க நாளாகும். அதுவரை, கலவையின் இளக்கத்தை அளக்கும் சிலம்ப் கூம்பு வைத்துப் பாருங்கள். 12 அங்குல உயரம், மேல்வாய் 4 அங்குலம், அடி 8 அங்குலம். மூன்று தடவையாக நிரப்பி, ஒவ்வொரு தடவையும் 16 மில்லிமீற்றர் கம்பியால் 25 குத்து. மேலே வழித்துவிட்டுக் கூம்பை நேரே தூக்கினால் கலவை கொஞ்சம் சரியும். சிலாப்புக்கு மூன்று, நாலு அங்குலம் சரிந்தால் போதும். ஆறு, ஏழு அங்குலம் சரிந்தால் அந்தக் கலவையைச் சிலாப்பில் ஏற்றாதீர்கள். பாதையில் விரிக்க உதவும்.

அத்திவாரக் கிடங்கில் ஊறும் தண்ணீர்

எழுவான்கரையில் மூன்று, நாலு அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். மாரி கழிந்த தை, மாசியில் இன்னும் மேலேயே. ஊறும் தண்ணீருக்குள் கொங்கிறீட்டைக் கொட்டினால் சீமெந்து கழுவப்பட்டுப் பால் மேலே மிதக்கும், அடியில் கல்லும் மணலும் கிடக்கும். தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் குழாயைக் கொங்கிறீட் விழும் இடத்திலேயே வைத்தாலும் அதே கேடு. தண்ணீரோடு சீமெந்தையும் உறிஞ்சும்.

கிடங்கை வேண்டியதைவிட இரண்டு அடி கூடுதல் அகலமாக வெட்டி, ஒரு மூலையில், பலகைக்கு வெளியே, இன்னும் ஓரடி ஆழத்தில் சிறு குழி வெட்டுங்கள். குழாய் அந்தக் குழியில் இருக்கட்டும். தண்ணீர் மட்டம் தாழ்ந்ததும் 1:3:6 கலவையில் இரண்டு அங்குலம் அடிக்கொங்கிறீட் விரித்து, அது இறுகிய பிறகு கம்பியை இறக்குங்கள். கொங்கிறீட் போட்டு முடிந்தும் மோட்டாரை நிறுத்த வேண்டாம். அது இறுகும் வரை, குறைந்தது அன்றிரவு முழுதும், ஓடட்டும். இரவில் மோட்டாருக்குக் காவல் இருக்கச் சோம்பல்பட்டு, காலையில் மணல் கலந்த தண்ணீருக்குள் முங்கிக் கிடந்த அத்திவாரத்தை நான் பார்த்திருக்கிறேன்.

தூண்

தூண்தான் புதியவர்களை ஏமாற்றும் இடம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஐந்து அடிக்கு மேலான உயரத்தில் இருந்து கொங்கிறீட்டை விழ விடாதீர்கள். பத்தடித் தூணுக்கு வழிகள் உண்டு. பலகையை மூன்று பக்கமும் முழு உயரத்துக்கு அடித்து, நாலாவது பக்கத்தைப் பாதி உயரம் வரை மட்டும் அடித்துப் போடுங்கள். அந்த மட்டம் நிறைந்ததும் மேல் பாதியை அடித்து மூடித் தொடரலாம். இல்லையென்றால் ஆறு அங்குலப் பீவீசீ குழாயைக் கம்பிகளின் நடுவே அடிவரை இறக்கி, மேலே ஒரு புனல் வைத்து, நிரம்ப நிரம்பக் குழாயை உயர்த்துங்கள். குழாய்க்கு இடமில்லாத சிறிய தூணுக்குப் பாதிப் பலகை முறைதான் சரி.

முதலில் கல் இல்லாத சீமெந்துச் சாந்து, இரண்டு அங்குலம் அடியில் விடுங்கள். பின்னால் வரும் கல் அதில் அமர்ந்துகொள்ளும். அடியில் தேன்வதை வராது. பிறகு ஓரடி, ஒன்றரை அடிக்கு ஒருமுறை நிறுத்தி வைபிறேற்றர். ஒரேயடியாக நிரப்பிவிட்டு மேலே இருந்து வைபிறேற்றரை விட்டால் அடியில் இருக்கும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. பலகையை வெளியே இருந்து சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நிறைந்த இடம் கனமாக ஒலிக்கும், வெற்றிடம் பறை மாதிரி ஒலிக்கும்.

தூணைப் பீமின் அடிமட்டத்தோடு நிறுத்தி, மறுநாள்தான் பீமும் சிலாப்பும் போட வேண்டும். ஈரத் தூண் கொஞ்சம் அமர்ந்து இறங்கும். அதற்கு மேலேயே உடனே பீம் போட்டால், சேரும் இடத்தில் வெடிப்பு விழும்.

பிளேட் போடும் நாள்

1978 கார்த்திகைச் சூறாவளியில் கூரை ஓடுகள் பறந்ததை என் அம்மா சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம். வீடு கட்டத் தொடங்கியபோது, "ஒரு அறைக்கெண்டாலும் பிளேட் போட்டிரு" என்பதுதான் அவர் கேட்ட ஒன்றே ஒன்று. பிளேட் என்றால் கொங்கிறீட் சிலாப் கூரை. நம் ஊரில் பிளேட் போடும் நாள் கிட்டத்தட்டக் கொண்டாட்டம்; ஊர்க்காரர் வந்து கை கொடுப்பார்கள், கிடாரத்தில் சோறு வேகும். அந்தக் கலகலப்பிலும் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கணக்கு இப்படி. 30 அடி நீளம், 25 அடி அகலம், ஐந்து அங்குலத் தடிப்பு என்றால் 312 கனஅடி. 1:1½:3 கலவையில் ஒரு பை ஏறத்தாழ 4.4 கனஅடி தரும். ஆகவே 71 பை, பீம்களுக்குத் தனி. ஒரு பை மிக்சர் ஒன்று மணிக்குப் பதினொரு கலவை தந்தால் ஆறரை மணித்தியாலம். காலை ஐந்தரைக்குத் தொடங்கினால் பன்னிரண்டுக்கு முடிக்கலாம். எட்டு மணிக்குத் தொடங்கினால் உச்சி வெயிலோடும் கச்சான் எனும் சூடான காற்றோடும் மல்லுக்கட்ட வேண்டும். முடிந்தால் இரண்டு மிக்சர் பிடியுங்கள்.

மிக்சரில் இருந்து மிகத் தூரமான மூலையில் தொடங்கி, பின்வாங்கி வாருங்கள். போட்ட கொங்கிறீட்டின் முகத்தோடு சேர்த்தே அடுத்த தாச்சியைக் கவிழ்க்க வேண்டும், தள்ளிக் கவிழ்த்து இழுத்துச் சேர்க்கக்கூடாது. தாச்சியாக இருந்தாலும் வீல்பரோவாக இருந்தாலும் இதுதான் முறை. அப்படிப் போட்டால் வாரும் வேலையே மிகக் குறைவு.

எவ்வளவு அகலமான பட்டையாகப் போடுவது? 25 அடி அகலத்துக்குக் குறுக்கே மூன்றடிப் பட்டை என்றால் 31 கனஅடி, ஏழு கலவை, நாற்பது நிமிடம். அதாவது ஒரு கரையில் போட்ட கொங்கிறீட்டைத் தொட்டு அடுத்த பட்டை வருவதற்கு நாற்பது நிமிடம் ஆகும். நம் வெயிலில் அதுதான் எல்லை. ஐந்தடிப் பட்டை எடுத்தால் ஒரு மணித்தியாலம் தாண்டும். பழையது முறுகிவிடும், புதியது அதோடு கலக்காது. இரண்டு கொங்கிறீட்டும் ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். முதல் மாரிக்கு அந்தக் கோட்டால்தான் வீட்டுக்குள் ஒழுகும். காற்று பலமென்றால் பட்டையை இரண்டடியாகக் குறையுங்கள். பட்டையின் வழியில் பீம் வந்தால் முதலில் பீமை ஓரடி, ஓரடியாக நிரப்பி அதிர வைத்துவிட்டு, அதன் மேல் சிலாப்பைத் தொடருங்கள்.

வைபிறேற்றர் பிடிப்பவருக்குச் சில சொற்கள். வைபிறேற்றர் குழாயின் தலை தானாகவே கீழே இறங்கட்டும், வேகமாக. அடியில் ஏற்கெனவே போட்ட அடுக்கு இருந்தால் அதற்குள்ளும் நாலு அங்குலம் போகட்டும். அப்போதுதான் இரண்டு அடுக்கும் தைத்தது போல் சேரும். பத்து செக்கன் அளவில் வைத்திருங்கள். முதலில் பெரிய குமிழிகள் மேலே வந்து உடையும், பிறகு சிறியவை, பிறகு ஒன்றும் வராது. மேற்பரப்பு மினுங்கும். குழாயின் சத்தமும் மாறும்: உள்ளே விட்டதும் இறங்கி முனகிய சத்தம், திரும்ப ஏறி ஒரே சுருதியில் நிற்கும். அந்தச் சுருதி வந்ததும் எடுங்கள், ஆனால் மெதுவாக, செக்கனுக்கு மூன்று அங்குலம் என்ற கணக்கில். வெடுக்கென்று இழுத்தால் குழாய் நின்ற இடத்தில் துளை நிற்கும். துளை மூடாவிட்டால் பக்கத்தில் திரும்ப விடுங்கள். அடுத்த குத்து ஓரடி தள்ளி.

குழாயைக் கம்பியில் சாத்தாதீர்கள், பலகையில் முட்டவிடாதீர்கள். கொங்கிறீட் குவியலைப் பரப்ப வைபிறேற்றரைப் பாவிப்பதை ஊரெங்கும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். சாந்து ஓடிப்போகும், கல் குவியலிலேயே நிற்கும். குவியலை மண்வெட்டியால் வாரிப் போட்டுவிட்டுப் பிறகு அதிர வையுங்கள். காற்றுத் துளைகள் கொங்கிறீட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கு தங்கினாலே பலத்தில் முப்பது பங்கு போய்விடும். வைபிறேற்றர் பிடிப்பவர் களைத்தால் மாற்றுங்கள். களைத்த கை இடம் தவறும்.

இடையில் நின்றுவிட்டால்

மிக்சர் பழுதாகும், மழை வரும். பதறி இருந்த இடத்தில் சரிவாக விட்டுவிட்டு ஓடாதீர்கள். நிறுத்துவதென்றால் இரண்டு பீம்களுக்கு நடுவே, இடைவெளியின் நடுப்பங்கில் நிறுத்துங்கள். பீமின் முகத்தோடு ஒட்டி வேண்டாம். கம்பிக்கு ஏற்ப வெட்டிய பலகையை நிமிர்த்தி அடித்து, அதோடு செங்குத்தாக முடியுங்கள். தொடரும்போது அந்த முகத்தைக் கம்பித் தூரிகையால் சுரண்டிக் கல் தெரிய வைத்து, கழுவி, தேங்கிய தண்ணீரை ஒற்றி எடுத்து, சீமெந்துக் கூழ் பூசி, அது காயுமுன் புதுக் கொங்கிறீட்டைச் சேருங்கள்.

தூறல் என்றால் பொலித்தீனை மேலே பிடித்துக்கொண்டு தொடரலாம். ஐப்பசி தொடங்கித் தை வரை கிழக்கில் கொட்டும் மழை என்றால் நிறுத்தி மூட வேண்டும். மழையில் நனைந்த மேற்பரப்பில் காய்ந்த சீமெந்தைத் தூவித் தேய்ப்பது பெரும் பிழை; ஒரு வருடத்தில் தோலாக உரியும். தேங்கிய தண்ணீரைச் சாக்கால் இழுத்தெடுங்கள், போதும்.

கச்சான் காற்றும் தண்ணீர் கட்டுதலும்

ஆனி மாதம் ஒருமுறை, பதினொரு மணிக்கு, போட்டு இரண்டு மணித்தியாலமே ஆன சிலாப்பில் தலைமயிர் போல ஒரு கோடு கண்டேன். குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று கீறியது. கச்சான் காற்று சூடாக வீசிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து ஊறி வரும் தண்ணீரைவிடக் காற்று உறிஞ்சுவது வேகமாகிவிட்டால், இறுகாத மேற்தோல் சுருங்கிக் கிழிகிறது. அன்று மட்டப்பலகையால் திரும்ப அழுத்தித் தேய்த்து, ஈரச் சாக்கு விரித்துத் தப்பித்தோம். இறுகிய பிறகு கண்டிருந்தால் தேய்த்து மூட முடிந்திராது.

ஆகவே மட்டக்கோலால் வழித்து, மேலே கசிந்த தண்ணீர் மறைந்ததும் மட்டப்பலகையால் தேய்த்து, அப்படியே பின்னாலேயே பொலித்தீன் விரித்துக்கொண்டு வாருங்கள். கசிந்த தண்ணீர் நிற்கும்போது தேய்க்க வேண்டாம். விரல் வைத்தால் அடையாளம் படாத அளவு இறுகியதும், ஓரத்தைச் சுற்றி மணல் வரம்பு கட்டி, வயலுக்குக் கட்டுவது போலத் தண்ணீர் கட்டுங்கள். ஏழு நாள் கட்டாயம். இப்போது கடையில் கிடைக்கும் கலப்புச் சீமெந்து என்றால் பத்து முதல் பதினான்கு நாள். காலையில் ஒருதரம் குழாயால் அடித்துவிட்டு வேலைக்குப் போனால் பத்து மணிக்கே காய்ந்துவிடும். நனைந்து காய்ந்து நனைவதில் பலன் குறைவு. தூணுக்குச் சாக்கைச் சுற்றிக் கட்டி, சாக்கை நனைத்து, அதற்கு மேல் பொலித்தீன் சுற்றுங்கள். கட்டும் தண்ணீரும் உவராக இருக்கக்கூடாது.

பலகை கழற்றுதல்

தூண், பீம் பக்கப் பலகைகளை இரண்டு நாள் கழித்துக் கழற்றலாம். சிலாப்பின் அடிப்பலகைக்கும் முட்டுக்கும் பதினான்கு நாள், பீமின் அடி முட்டுக்கு இருபத்தொரு நாள் பொறுங்கள். முட்டு வாடகை நாளுக்கு நாள் ஏறுவது எனக்கும் தெரியும். ஆனால் ஏழாம் நாளில் கொங்கிறீட்டுக்கு முழுப் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான் இருக்கும். அதற்கு மேலே அடுத்த மாடிக்கான கல்லையும் சீமெந்தையும் அடுக்கி வைப்பவர்களும் உண்டு.

முட்டுகளை எடுக்கும் ஒழுங்கையும் கவனியுங்கள். இரண்டு பக்கமும் தாங்கப்பட்ட சிலாப் என்றால் நடுவில் தொடங்கிச் சுவர்ப்பக்கமாகப் போங்கள். சிலாப் மெல்லத் தன் பாரத்தை ஏற்றுக்கொள்ளும். வெளியே நீட்டிய பல்கனி, சன்சேட் என்றால் நுனியில் தொடங்கிச் சுவரை நோக்கி வாருங்கள். மாற்றிச் செய்து சுவரோரத்து முட்டுகளை முதலில் எடுத்தால், நுனி முட்டில் அது பாலம் போலத் தொங்கும். அந்தப் பாரத்துக்கு வேண்டிய கம்பி அதன் அடிப்பக்கத்தில் இருக்காது. எடுக்கும்போது சிலாப்புக்கு அடியில் வேறு யாரும் நிற்க வேண்டாம். மேலேயும் யாரும் நிற்க வேண்டாம்.